மூலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்: பெருங்குடல் புற்றுநோய் பற்றித் தோட்டத்து மக்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் கோயில் மண்டபத்தில் சுகாதாரப் பேச்சு நடந்தால், இனிப்புநீர் (நீரிழிவு) பற்றியும் ரத்த அழுத்தம் பற்றியும் எல்லாரும் கூச்சமில்லாமல் கேட்பார்கள். குடல் புற்றுநோய் என்று பேச்சு வந்தால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் ஒருவராக வந்து தணிந்த குரலில் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம். ஆணும் பெண்ணும் படிக்கலாம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் யாராவது படித்துக் காட்டுங்கள்.

பெருங்குடல் புற்றுநோய் என்றால் என்ன?

நாம் சாப்பிட்டது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு வருகிறது. அதன் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சக்கையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மலத்தை உருவாக்குவது அதன் வேலை. கடைசிச் சிறு பகுதிக்கு மலக்குடல் என்று பெயர். இந்த இரண்டு இடங்களிலும் வரும் புற்றுநோயைச் சேர்த்துத்தான் பெருங்குடல் புற்றுநோய் என்கிறோம்.

இது திடீரென்று வருவதில்லை. குடலின் உள்சுவரில் முதலில் ஒரு சிறு சதை வளர்ச்சி, மழைக்குப் பின் முளைக்கும் காளான் போல, தலை காட்டும். அதைப் பாலிப் என்பார்கள். பெரும்பாலான பாலிப்கள் ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். சில வகை மட்டும் மெல்ல மெல்ல மாறிப் புற்றுநோய் ஆகும். அதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேல் ஆகிறது. வேறு பல புற்றுநோய்கள் நமக்கு இவ்வளவு அவகாசம் தருவதில்லை. இந்தப் பத்து ஆண்டில் ஒரு முறை பாலிப்பைக் கண்டு எடுத்துவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் உருவாகும் வாய்ப்பே போய்விடும்.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. மூலம்தானே?

இருக்கலாம். ரத்தம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு மூலம்தான் காரணம். ஆனால் அதை நீங்களோ, பக்கத்து வீட்டு அக்காவோ, மருந்துக்கடைக்காரரோ முடிவு செய்ய முடியாது. மலக்குடலில் இருக்கும் கட்டியும் இதே போலச் சிவப்பு ரத்தத்தைத்தான் தரும். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது மூலத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டே ஆண்டுகள் போய்விடும்.

நம் தோட்டங்களில் அதிகம் பேரைத் தாமதப்படுத்தியது மூலம் என்ற இந்த ஒரு வார்த்தைதான் என்பது எங்கள் எண்ணம். ரத்தம் கண்டதும் காரம் தின்றது, சூட்டு உடம்பு, நாள் முழுக்கக் குனிந்து குலை தூக்கியது என்று காரணம் சொல்லிக்கொள்வோம். அப்புறம் ரத்தம் தானாக நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். கட்டியிலிருந்து வரும் ரத்தமும் விட்டுவிட்டுத்தான் வரும். நின்றுவிட்டது என்பதால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரத்தம் தவிர கவனிக்க வேண்டியவை இவை. வழக்கமாக வெளிக்குப் போகும் முறை மாறி, சில வாரமாக மலச்சிக்கலோ பேதியோ மாறி மாறி இருப்பது. போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவது. மலம் மெலிந்து வருவது. காரணமில்லாமல் எடை குறைவது. வயிற்றில் விடாத வலி அல்லது கையில் தட்டுப்படும் கட்டி.

இன்னொன்றைப் பலர் குடலோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. அது ரத்தசோகை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் ரத்தம் கசியும். மலம் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆள் மட்டும் சோர்ந்து, மூச்சு வாங்கி, முகம் வெளுத்துப்போவார். ஒரு ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை என்று டாக்டர் சொன்னால், மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரத்தம் எங்கே போகிறது, குடலைப் பார்க்க வேண்டாமா என்று கேளுங்கள்.

எனக்கு எந்தக் கோளாறும் இல்லை. நல்லா சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நான் எதற்குப் பரிசோதிக்க வேண்டும்?

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையே இருக்கிறது. ஆரம்ப நிலையில் இந்த நோய்க்கு வலி கிடையாது. பாலிப்புக்கும் வலி கிடையாது. வலியும் அடைப்பும் வரும்போது பெரும்பாலும் கட்டி பெரிதாகியிருக்கும்.

வேறுபாடு எவ்வளவு என்று கேட்டால், அமெரிக்காவில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு கண்டுபிடித்தால் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான். நோய் ஒன்றுதான், கண்டுபிடித்த நேரம்தான் வேறு.

மலேசியாவில் இது அவ்வளவு அதிகமா?

ஆமாம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம். சீனர்களுக்கு அதிகம் வருகிறது என்பது உண்மைதான், அதற்காக நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். அதே பதிவேடு சொல்லும் இன்னொரு செய்திதான் வேதனையானது. இந்த நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர் நோய் முற்றிய மூன்றாவது, நான்காவது நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தோட்டத்துத் திடல்களில் பந்து விளையாடி வளர்ந்த நம் அண்ணன்மார்களுக்குப் பிரேசில் கால்பந்து வீரர் பெலேயைத் தெரியும். அவருக்கு 2021-இல் பெருங்குடலில் கட்டி கண்டுபிடித்து எடுத்தார்கள். 2022 டிசம்பரில் 82 வயதில் அதே நோயால் காலமானார். உடல் உறுதி மட்டும் இந்த நோயைத் தடுத்துவிடாது.

அந்த மலப் பரிசோதனை எப்படி இருக்கும்? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் புரிகிறது. ஆனால் இதில் யாரும் உங்களைத் தொடப் போவதில்லை, உடையைக் கழற்றச் சொல்லப் போவதும் இல்லை. எல்லாம் உங்கள் வீட்டுக் கழிப்பறையில், கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே செய்வது.

கிளினிக்கில் ஒரு சிறு குப்பி தருவார்கள். காலையில் வெளிக்குப் போகும்போது மலம் தண்ணீரில் விழாதபடி பழைய நாளிதழையோ பிளாஸ்டிக் பையையோ விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் காட்டிக்கொடுத்த அளவுக்குத் துளி மலத்தை எடுத்துக் குப்பியில் போட்டு மூடி, பெயர் எழுதி, சொன்ன நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் நாள் முழுக்க வைத்திருக்கக் கூடாது, முடிவு தவறாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று மட்டும் இந்தச் சோதனை பார்க்கிறது. அதனால் முதல் நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டதோ கீரை சாப்பிட்டதோ முடிவை மாற்றாது. பத்தியம் தேவையில்லை. மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வரும் நாட்களிலும் எடுக்காதீர்கள்.

50 முதல் 75 வயது வரை, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்குகளில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். ரத்தம் போவதோ, மேலே சொன்ன வேறு அறிகுறியோ இருந்தால் இந்தக் குப்பிக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக டாக்டரைப் பாருங்கள்.

ரத்தம் இல்லை என்று முடிவு வந்தது. இனிமேல் கவலை இல்லையா?

இந்த முறைக்குச் சரி. பாலிப் தினமும் ரத்தம் கசியவிடாது. அதனால் ஒரு முறை தப்பிவிடலாம். கிளினிக்கில் அடுத்தது எப்போது என்று கேட்டு, நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு மறுபடியும் செய்யுங்கள். நடுவில் அறிகுறி வந்தால் பழைய முடிவை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

ரத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குச் சொல்லவே பயமாக இருக்கிறது. புற்றுநோய்தானா?

அப்படி அர்த்தம் இல்லை. ரத்தம் வரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அர்த்தம். இப்படி முடிவு வந்தவர்களில் சிலருக்கே புற்றுநோய் இருக்கும். இன்னும் சிலருக்குப் பாலிப் இருக்கும், அதை எடுத்துவிடலாம். மீதிப் பேருக்கு மூலமோ சிறு புண்ணோ, அல்லது ஒன்றுமே இல்லாமலோ போகும். அப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

ஆனால் அடுத்த கட்டமான கொலோனோஸ்கோபி பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிடுவது மிகவும் ஆபத்து. பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களுக்குப் புற்றுநோயும் முற்றிய நிலையும் அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. தீபாவளி கழியட்டும், தைப்பூசம் கழியட்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு வருடம் ஓடுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி பார்க்கப் போகும் தூரம். கொடுத்த தேதியை விட்டுவிடாதீர்கள். போக முடியவில்லை என்றால் அழைத்து வேறு தேதி வாங்குங்கள்.

கொலோனோஸ்கோபி என்றால் பின்பக்கமாகக் குழாய் விடுவார்களாமே? வலிக்குமா?

விரல் பருமனில் வளையும் குழாய், அதன் நுனியில் கேமரா. ஆசனவாய் வழியாக உள்ளே விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். பெரும்பாலும் தூக்கம் வரவைக்கும் ஊசி போடுவார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வயிறு உப்பியது போலவும் கொஞ்சம் இழுப்பது போலவும் இருக்கும். செய்துகொண்டவர்களைக் கேட்டால் குழாயைப் பற்றிச் சொல்வதைவிட, முதல் நாள் குடித்த மருந்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள்.

அந்த மருந்துதான் முக்கியம். குடல் சுத்தமாக இருந்தால்தான் பாலிப் கண்ணில் படும். முன்கூட்டியே கீரை, காய்கறி, விதையுள்ள பழம் எல்லாம் குறைத்து, வெள்ளைச் சோறு, கஞ்சி என்று லேசாகச் சாப்பிடச் சொல்வார்கள். அப்புறம் லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். சுவை நன்றாக இருக்காது, குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் பரவாயில்லை. கடைசியில் மஞ்சள் தண்ணீராகப் போகும்வரை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. லயத்தில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், வயதானவர் இரவில் தனியாகப் போய்வராமல் யாராவது துணைக்கு இருங்கள்.

இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்களே சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடலில் ஓட்டை விழுமோ என்று கேட்கிறார்கள். அப்படி நடக்க வாய்ப்பு உண்டு, ஆனால் மிக அரிது. பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் வருவதும் எப்போதாவது உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிறைய ரத்தம் என்றால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். ஊசி போட்ட நாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

இதற்கெல்லாம் பதிலாக ரத்தப் பரிசோதனை செய்தால் போதாதா? பேக்கேஜில் கேன்சருக்கும் பார்க்கிறார்களே?

போதாது. அந்த பேக்கேஜ்களில் இருப்பது பெரும்பாலும் ரத்தத்தில் ஒரு வகைப் புரதத்தை அளக்கும் சி.இ.ஏ. என்ற பரிசோதனை. ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு அது சாதாரண அளவிலேயே இருக்கும். புகை பிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே கூடியிருக்கும். நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிக்க டாக்டர்களுக்கு அது உதவும். நோய் இருக்கிறதா என்று தேடுவதற்கு அது ஏற்றதல்ல. அதற்குச் செலவு செய்துவிட்டுக் குப்பியை வேண்டாம் என்று சொல்வது வருத்தமான விஷயம்.

என் அண்ணனுக்கு 46 வயதில் இந்த நோய் வந்தது. நான் 50 வயது வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து அதிகம். பொதுவாக 40 வயதில், அல்லது உறவினருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாக, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்யச் சொல்வார்கள். உங்கள் அண்ணன் கணக்கில் அது 36. குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே வந்திருந்தால் பரம்பரைக் காரணம் இருக்கலாம், அதற்குத் தனிக் கண்காணிப்பு உண்டு.

இங்கே ஒரு வேண்டுகோள். தாத்தாவும் பெரியப்பாவும் எதனால் இறந்தார்கள் என்று பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாது. வயிற்றுவலியில் போனார் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இளைஞர்களுக்கும் வருமா?

வருகிறது. பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே இது கூடி வருகிறது. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். முப்பது வயதுத் தம்பிக்கு ரத்தம் போனால் வயதைக் காட்டித் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

எதைச் சாப்பிட்டால் வரும்? கள் குடித்தால் வருமா?

ஒரு பொருளைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. மது ஆபத்தைக் கூட்டுகிறது. கள்ளோ, பீரோ, மலிவான சம்சு சாராயமோ எல்லாவற்றிலும் இருப்பது ஆல்கஹால்தான். புகை, அதிக எடை, உடல் உழைப்பின்மை, இனிப்புநீர் ஆகியவையும் கூட்டுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டில் தினமும் சாசேஜ் வைப்பதை யோசிக்கலாம். குடலுக்கு நல்ல நார்ச்சத்து உள்ள முருங்கைக்கீரையும் பருப்பும் பயறும் நம் அடுப்பங்கரையில் ஏற்கெனவே இருப்பவைதான். ஆனால் சைவம் சாப்பிடுகிறேன், அதனால் பரிசோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்கிறார்களே? இலைச் சாறு குடித்துப் பார்க்கலாமா?

அறுவை சிகிச்சையால் பரவியது என்று சொல்லப்படுபவர்களில் பலருக்கு, வயிற்றைத் திறக்கும் முன்பே நோய் பரவியிருந்தது. வயிற்றைத் திறந்த பிறகு அது தெரிந்தது. பழி கத்தி மேல் விழுந்துவிட்டது. பெருங்குடல் புற்றுநோயைக் குணப்படுத்தும் முதன்மையான வழியே கட்டி இருக்கும் பகுதியை அறுத்து எடுப்பதுதான். மூன்றாவது நிலையில் அதோடு கீமோதெரபியும் தருவார்கள். மலக்குடல் என்றால் சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு.

டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலை, பெலாலாய் காஜா என்ற மூலிகை இலை என்று வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் சாறும் இந்த நோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. சாறு குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மாதங்களில் இரண்டாவது நிலை மூன்றாவது ஆகலாம். சிகிச்சையோடு ஏதாவது சேர்த்துச் சாப்பிட விரும்பினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது.

வயிற்றில் பை மாட்டிவிடுவார்களாமே? அப்படி வாழ்வதற்குப் பேசாமல் போய்விடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

அக்கா, அவர் இப்படிச் சொன்னால் கோபிக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். வயிற்றில் துளையிட்டு மலத்தைச் சேர்க்க ஒட்டும் அந்தப் பை எல்லாருக்கும் வராது. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருப்பவர்களுக்கும், குடல் அடைத்து அவசரமாக அறுவை செய்ய வேண்டியவர்களுக்கும்தான் அதிகம் வரும். பலருக்கு அது சில மாதங்களுக்கு மட்டும், பிறகு குடலை மீண்டும் இணைத்துவிடுவார்கள். நிரந்தரமாக வைத்திருப்பவர்களும் வேலைக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். சட்டைக்கு மேல் தெரியாது. சரியாக ஒட்டினால் வாடை வராது. அதைப் பழக்கிக்கொடுக்கவே பயிற்சி பெற்ற தாதியர் இருக்கிறார்கள். சீக்கிரம் வந்தால் பை தேவைப்படும் வாய்ப்பும் குறையும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நாள் சம்பளக்காரன் நான். செலவுக்கும் லீவுக்கும் எங்கே போவது?

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதத்தோடு நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கட்டணம் வேறாக இருக்கக்கூடும். அதனால் வீட்டுக்குத் திரும்பிவிடாமல் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் பேசுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி எம்.சி. என்ற மருத்துவச் சான்று இருந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள், 2023 ஜனவரி முதல் இது தனிக் கணக்கு. எம்.சி. தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அசலைத் தோட்ட அலுவலகக் கிராணியிடம் கொடுங்கள். பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உள்ள பெக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் உண்டு. இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைச் சிகிச்சைக்காக எடுக்கவும் விண்ணப்பிக்கலாம். நோயால் இனி வேலையே செய்ய முடியாது என்றானால் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஈலாட் (வேலை செய்ய இயலாதோர்) பென்ஷன் கிடைக்குமா என்று கேளுங்கள். இந்தப் பாரங்களை நிரப்ப, படித்த பிள்ளைகள் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

சரி, கிளினிக்கில் போய் என்ன சொல்லிக் கேட்பது?

இனிப்புநீருக்கோ பிரஷருக்கோ ஏற்கெனவே அரசு கிளினிக்குக்குப் போகிறவர் என்றால் தனியாக ஒரு நாள் வேண்டாம். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதே கேளுங்கள். முகப்பில் மலாய்க்காரத் தாதி இருந்தால், "சாயா நாக் புவாட் சாரிங்ஙான் கான்செர் உசுஸ், உஜியான் நாஜிஸ்" (குடல் புற்றுநோய்ப் பரிசோதனை, மலச் சோதனை செய்ய வேண்டும்) என்று சொன்னால் புரிந்துகொள்வார். அதுவும் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி, வயதையும் எழுதி, அடையாளக் கார்டோடு நீட்டுங்கள். அன்றைக்குக் குப்பி இல்லை என்று சொன்னால் எப்போது வரும் என்று கேட்டுத் தேதியை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் 50 வயதைத் தாண்டியிருந்தால் இரண்டு குப்பியாகக் கேளுங்கள்.